மழைக்குத் தாங்கும் டம்பர் சாலை

சத்தீஸ்கர் மாநிலம் கோர்பாவில், லீலாகர் ஆற்றை ஒட்டி திப்கா திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. 2019 செப்டம்பர் கடைசியில், பருவமழை விடைபெற வேண்டிய நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் ஆறு கரையை மீறிச் சுரங்கத்துக்குள் இறங்கியது. வெட்டும் தளம் மூழ்கியது, உற்பத்தி நின்றது, அந்த நிலக்கரியை நம்பியிருந்த அனல் மின் நிலையங்களுக்குக் கவலை பிடித்தது. நாடு முழுக்கச் செய்தியானது.

செய்தியாகாத சேதம் ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கிறது. இரவு ஒரு மணி நேரம் மழை. காலையில், குழிக்குள் இறங்கும் சரிவுச் சாலையான ராம்ப்பின் நடுவே தண்ணீர் அறுத்துக்கொண்டு போன பள்ளம். மேலே இருந்து வந்த களிமண் வடிகாலை அடைத்திருக்கிறது. ராம்ப்பின் அடியில் முழங்கால் அளவு சகதி. ஷவல் தயார், டம்பர் தயார், ஆபரேட்டர்கள் தயார். சாலை மட்டும் தயாராக இல்லை. கிரேடரும் டோசரும் வந்து ஒப்பேற்றும்வரை ஒரு ஷிப்டின் பாதி கரைந்துவிடும். நாள் கணக்கில் பார்த்தால் சிறிய இழப்பு. பருவம் முழுக்கக் கூட்டினால் ஆறு உடைத்துக்கொண்டு வந்த நாளுக்குச் சமமாக வந்து நிற்கும்.

திறந்தவெளிச் சுரங்கத்தின் செலவில் பாதி வரை சரக்கை ஏற்றி இறக்குவதிலேயே போகக்கூடும். அந்தச் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் சாலை. சாலையைக் கெடுப்பதில் வண்டியின் பாரத்தைவிடத் தண்ணீருக்குத்தான் பங்கு அதிகம். எனவே இந்த அத்தியாயம் வழக்கமான வரிசையைத் திருப்பிப் போடுகிறது. வரைபடத்தில் முதலில் தண்ணீர் போகும் வழியை வரைய வேண்டும். டம்பர் போகும் வழி அதற்குப் பிறகுதான்.

பாரம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது

கோர்பாவின் கெவ்ரா சுரங்கம் 1981-இல் தொடங்கியது. 2024-இல் ஆண்டுக்கு 7 கோடி டன் வரை வெட்டிக்கொள்ள சுற்றுச்சூழல் அனுமதி பெற்றது. 42 கன மீட்டர் வாளி கொண்ட ஷவல், அதற்கு ஈடுகொடுக்கும் 240 டன் டம்பர் என்று பெரிய இயந்திரங்கள் அங்கே ஓடுகின்றன. அந்த வகை டம்பர் ஒன்று முழுச் சரக்கோடு நிற்கும்போது மொத்த எடை 390 டன்னைத் தொடும். மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கம் விழும். பின்னால் நான்கு டயர். கணக்குப் போட்டால் ஒரு டயரின்மேல் 65 டன். நம் தேசிய நெடுஞ்சாலையில் நான்கு டயர் கொண்ட ஒரு அச்சு முழுவதற்கும் 2018-இல் உயர்த்தப்பட்ட வரம்பே 11.5 டன்தான்.

இந்த எண்ணைப் பார்த்ததும் 'மேற்பரப்பைக் கெட்டியாகப் போட்டுவிட்டால் போதும்' என்று தோன்றும். அங்கேதான் தவறு தொடங்குகிறது. டம்பர் டயரின் காற்றழுத்தம் சாதாரண லாரி டயரின் அழுத்தத்திலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை. ஆகவே சாலையின் மேல் தோலில் விழும் அழுத்தமும் கிட்டத்தட்ட அதேதான். டயர் மண்ணைத் தொடும் பரப்பு மிகப் பெரிது என்பதால் அந்த அழுத்தம் மங்காமல் பல அடி ஆழத்துக்கு இறங்குகிறது. நெடுஞ்சாலையில் அரை மீட்டர் ஆழத்தில் தணிந்துபோகும் அழுத்தம் சுரங்கச் சாலையில் அடிமண் வரை போய்த் தைக்கும். அந்த அடிமண் நனைந்திருந்தால் மேலே எவ்வளவு ஜல்லி கொட்டினாலும் அது புதைந்துகொண்டே போகும்.

மகாராஷ்டிரத்தின் வார்தா பள்ளத்தாக்கில், வணி, சந்திரபூர் பக்கச் சுரங்கங்களில் மேல்மண் ஆழமான கரிசல். கோடையில் வெடித்துக் கல்லாக இருக்கும் கரிசல், ஊறிய பிறகு தாங்குதிறனில் பெரும்பகுதியை இழக்கிறது. சோதனைக் கூடத்தில் ஊறவைத்துப் பார்த்தால், மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் சிபிஆர் மதிப்பு 2, 3 என்று வந்து நிற்கும். ஏப்ரலில் மண் மாதிரி எடுத்து உலர்ந்த மதிப்பை வைத்துத் தடிமனை முடிவு செய்வது, ஆகஸ்டில் பழுதாகும் சாலைக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போடுவதாகும். ஊறிய மதிப்பு மட்டுமே கணக்கில் வர வேண்டும். முடிந்த இடத்தில் கரிசலை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, வெடிவைத்துப் பெயர்த்த மணற்கல்லை அடித்தளமாகப் பரப்பி, அதிர்வு ரோலரால் கெட்டிப்படுத்துவது நல்லது.

இதற்கான கணக்குமுறைக்குத் தென்னாப்பிரிக்க நிலக்கரிச் சுரங்கங்கள் கொடுத்த கொடை பெரியது. ரோஜர் தாம்சனும் அலெக்ஸ் விஸ்ஸரும் 1990-களில் அங்கே சாலைகளை வெட்டிப் பார்த்து, அளந்து, ஒரு முறையை உருவாக்கினார்கள். அதன் சாரம்: அடிமண்ணில் செங்குத்தாக ஏற்படும் அமுக்கம் 2,000 மைக்ரோ ஸ்ட்ரெயினுக்குள் அடங்க வேண்டும், அதற்கேற்பக் கல் அடுக்கின் தடிமன் அமைய வேண்டும். சுரங்கத்திலேயே கிடைக்கும் நல்ல பாறையைக் கழிவு மேட்டுக்கு அனுப்பாமல் சாலைக்குத் திருப்பிவிட்டால் செலவும் குறைகிறது. எந்தப் பாறை என்பதில் மட்டும் கவனம் வேண்டும். நிலக்கரிப் படுகைகளில் மணற்கல்லோடு கலந்து வரும் கரி கலந்த ஷேல் வெட்டும்போது பாறை மாதிரியே இருக்கும். நாலு முறை நனைந்து காய்ந்தால் தாள் தாளாகப் பிரிந்து சேறாகிவிடும். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் ஒரு இரவு போட்டுப் பார்த்தாலே அதன் குணம் தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான டன் கொட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே கிடையாது.

மேல் அடுக்குக்கும் அதே இருவரும் இரண்டு எண்களைத் தந்திருக்கிறார்கள். களித்தன்மையைக் காட்டும் சுருக்கப் பெருக்கம் 85-க்கும் 200-க்கும் இடையே, துகள் அளவுக் குணகம் 20-க்கும் 35-க்கும் இடையே இருப்பது நல்லது. களித்துகள் கூடினால் கோடையில் தூசி, மழையில் வழுக்கல். குறைந்தால் சரளை பிடிமானம் இல்லாமல் உதிர்ந்து, அலை அலையாகச் சாலை எழும்பும்.

இருபத்தாறு மீட்டர் கேட்டால் முப்பத்தைந்து ஒதுக்குங்கள்

சாலை அகலத்துக்கு ஓடும் வண்டிகளில் மிக அகலமானதே அளவுகோல். இருவழிப் போக்குவரத்துக்கு அந்த வண்டியின் அகலத்தைப்போல மூன்று மடங்காவது வேண்டும் என்பது இந்தியச் சுரங்கங்களில் நடைமுறையில் உள்ள குறைந்தபட்சம். அமெரிக்கச் சுரங்கப் பணியகத்துக்காகக் காஃப்மனும் ஆல்ட்டும் 1977-இல் எழுதிய கையேடு மூன்றரை மடங்கு கேட்கிறது. வண்டி அகலம் 7.5 மீட்டர் என்றால் முதல் கணக்குக்கு 22.5 மீட்டர், இரண்டாவதற்கு 26 மீட்டருக்குச் சற்று அதிகம். மழைக்கால இரவில் எதிரெதிரே இரண்டு டம்பர் கடக்கும்போது அந்த மூன்றே முக்கால் மீட்டர் வித்தியாசம் ஓட்டுநருக்கு மட்டுமே புரியும் நிம்மதி. மூன்றரை மடங்கையே எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த 26 மீட்டர் வண்டி ஓடும் பரப்பு மட்டும். வெளி ஓரத்தில் டம்பர் சரிந்து விழாமல் தடுக்கும் கரைமேடு வேண்டும். அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகம் மிகப் பெரிய வண்டியின் அச்சு மட்டத்தைக் கரைமேட்டின் உயரத்துக்கு அளவுகோலாக வைக்கிறது. இந்தியாவில் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதிக் கடிதத்தில் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும். டயர் விட்டம் 3.6 மீட்டர் என்றால் அச்சு மட்டம் 1.8 மீட்டர். அந்த உயரத்துக்கு உதிரிக் கல்லைக் குவித்தால், உச்சியில் அரை மீட்டர் விட்டு இரு பக்கமும் 1.5-க்கு 1 என்று சரிந்தால், அடி அகலம் ஏறக்குறைய 6 மீட்டர் வரும்.

பிறகு வடிகால். இதன் அகலத்தை ஊகிக்காமல் கணக்கிட்டே பார்க்கலாம். மாதிரிக்கு, பெஞ்சும் (படிபடியாக வெட்டிய தளம்) கழிவுமேட்டுச் சரிவுமாக 12 ஹெக்டேர் பரப்பிலிருந்து ராம்ப் ஓர வடிகாலுக்குத் தண்ணீர் வருவதாகக் கொள்வோம். மழைத் தீவிரம் மணிக்கு 80 மில்லிமீட்டர், ஓடும் பங்கு 0.6. மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு 1.6 கன மீட்டர். ராம்ப் 16-க்கு 1 என்று இறங்குகிறது. அடி அகலம் 0.6 மீட்டர், பக்கச் சரிவு 2-க்கு 1, கல் பதித்த தரை என்று எடுத்து மேனிங் சூத்திரத்தில் போட்டால் தண்ணீரின் ஆழம் 40 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. வேகம் நொடிக்கு 2.7 மீட்டருக்கு மேல்.

அந்த வேகம்தான் முக்கியம். வெறும் மண் வடிகால் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வரைதான் அரிக்காமல் தாங்கும். ஆக, ராம்ப் ஓரத்தில் வெறுமனே டோசர் கத்தியால் கீறிவிட்ட பள்ளம் முதல் பெருமழையிலேயே ஓடையாகி, சாலையின் தோள்பட்டையைத் தின்ன ஆரம்பிக்கும். கல் பதிப்பு கட்டாயம்.

சுரங்கங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை வரும். சுற்று வடிகாலும் சம்ப்பும் (தண்ணீரைச் சேர்த்து இறைக்கும் குழி) உச்ச மழைக்கும் உச்ச வரத்துக்கும் மேல் 50 சதவீதம் கூடுதல் கொள்ளளவோடு இருக்க வேண்டும். ராம்ப் ஓர வடிகாலுக்கும் அதே அளவைக் கடைப்பிடிப்பது புத்திசாலித்தனம். 1.6 என்பது 2.4 ஆகும்போது நீராழம் அரை மீட்டர். மேலே வண்டலுக்கும் அலைக்கும் 20 சென்டிமீட்டர் விட்டால் 0.7 மீட்டர் ஆழம், 3.4 மீட்டர் மேல் அகலம்.

கூட்டிப் பார்த்தால் 35 மீட்டருக்கு மேல் வருகிறது. திட்ட வரைபடத்தில் 26 மீட்டர் என்று மட்டும் எழுதிவிட்டால் என்ன ஆகும்? களத்தில் இடம் போதாமல் போகும்போது டம்பரின் அகலத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள். கரைமேட்டைக் குறைத்தால் ஆய்வாளர் கேட்பார். மிச்சம் இருப்பது வடிகால். பல சுரங்கங்களில் ராம்ப்புக்கு வடிகாலே இல்லாமல் போவதற்கு அலட்சியத்தைவிட இந்தக் கணக்குப் பிசகுதான் பெரிய காரணம். வடிகாலின் அகலம் சாலை அகலத்துக்குள் சேர்ந்த ஒரே எண்ணாக முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.

சாய்மானத்தின் கணக்கு

சாலையின் நடுவை உயர்த்தி இரு பக்கமும் சாய்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. அந்தச் சாய்வு 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது மேலே சொன்ன 1977 கையேடு. 2-க்கும் 4-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டால், சமதளத்தில் பெரிதாக இல்லை, ராம்ப்பில் நிறைய.

ராம்ப்பில் விழும் மழைத்துளி நேராக ஓரத்துக்குப் போவதில்லை. கீழ்நோக்கியும் பக்கவாட்டிலுமாகச் சாய்கோட்டில் ஓடுகிறது. 26 மீட்டர் சாலையில் நடுவிலிருந்து ஓரம் 13 மீட்டர். 16-க்கு 1 இறக்கத்தில் பக்கச் சாய்வு 2 சதவீதம் என்றால் அந்தத் துளி ஓரத்தை அடைய 43 மீட்டர் ஓட வேண்டும். 3 சதவீதம் என்றால் 30 மீட்டர். 4 என்றால் 24. ஓடும் தூரம் கூடக்கூடத் தண்ணீர் திரண்டு, வேகம் பிடித்து, மேல் அடுக்கின் நுண்துகள்களைப் பெயர்த்துக்கொண்டு போகும். மழை நின்றபின் ராம்ப்பில் சாய்கோடாகத் தெரியும் கீறல்கள் இந்தப் பாதையின் தடங்கள்தான்.

அப்படியானால் 5, 6 என்று ஏற்றிவிடலாமே? முடியாது. சாய்வு கூடினால் சரக்கு தாழ்ந்த பக்க டயர்களின்மேல் சாயும். ஈரத்தில் வண்டியே ஓரத்துக்கு வழுக்கும். டம்பர் டயர் ஒன்றின் விலை பல லட்சங்களில் இருக்கும்போது இது விளையாட்டல்ல. ராம்ப்புக்கு 3 சதவீதம் நல்ல நடுவழி. சமதளத்துக்கு 2 அல்லது 2.5 போதும், ஆனால் மேற்பரப்பு கெட்டியாக இருக்க வேண்டும்.

குழிக்குள் இறங்கும் ராம்ப்பில் இன்னொரு கேள்வி. நடுமேடு வைத்தால் பாதித் தண்ணீர் வெளி ஓரக் கரைமேட்டில் போய் முட்டும். அங்கே வடிகால் இல்லாவிட்டால் கரைமேட்டைத் துளைத்து, கீழ்ப் பெஞ்சின் முகத்தை அரிக்கும், சரிவே நிலைகுலையலாம். இதனால் குழி ராம்ப்புகளை முழுக்க உட்பக்கம், பாறைச் சுவரை நோக்கிச் சாய்ப்பது பாதுகாப்பானது. விலையாக ஓடும் தூரம் இரட்டிக்கும்: 3 சதவீதத்தில் 60 மீட்டர். அதை ஈடுகட்ட மேல் அடுக்கைக் கூடுதல் கவனத்தோடு கெட்டிப்படுத்த வேண்டும். நிரந்தரப் பிரதான சாலைகளுக்கு நடுமேடும் இருபுற வடிகாலும் ஏற்றவை.

வளைவுகளில் ஒரு மறைவான ஆபத்து உண்டு. நேர்ச்சாலையின் நடுமேடு வளைவின் ஒருபக்கச் சாய்வாக மாறும் இடத்தில், சிறிது தூரத்துக்குச் சாய்வே இல்லாத பட்டை ஒன்று உருவாகும். அந்தப் பட்டை நீளவாக்கிலும் சமமாக அமைந்துவிட்டால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை; சுரங்கத்தின் முதல் பள்ளம் அங்கேதான் விழும். மாறும் இடத்தை ஏற்ற இறக்கம் உள்ள பகுதியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியச் சுரங்கங்களில் பொதுவான சாலைக்கு 16-க்கு 1, குறுகிய ராம்ப் துண்டுகளுக்கு 10-க்கு 1 என்பது நிலைத்த வரம்பு. 10-க்கு 1 ஏற்றத்தில் சாலை நன்றாக இருந்தால் உருளும் எதிர்ப்பு 2 சதவீதம். வண்டி வெல்ல வேண்டிய மொத்தம் 12. மழையில் மேற்பரப்பு இளகி அந்த எதிர்ப்பு 6 ஆனால் மொத்தம் 16. இஞ்சின் சக்தி மாறாது என்பதால் வேகம் முக்கால் பங்காகக் குறையும். மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏறிய டம்பர் 9-இல் ஏறும். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்பது 6 நிமிடம் 40 நொடியாகும். ஏறும் ஒவ்வொரு டம்பருக்கும், ஒவ்வொரு நடைக்கும் இதைப் பெருக்கிப் பார்க்கும் மேலாளர் வடிகால் செலவைப் பற்றி மறுபடி பேச மாட்டார்.

ராம்ப்பின் தலையும் காலும்

மேற்பரப்பில் விழும் மழைக்குச் சுரங்கக் குழிக்குள் இறங்க மிகச் சுலபமான வழி ராம்ப். எவ்வளவு நல்ல சுற்று வடிகால் வெட்டினாலும், அதை ராம்ப் குறுக்கே கடக்கும் இடத்தில் ஒரு வாசல் திறந்தே இருக்கும். அந்த வாசலில், குழிக்குள் இறங்கத் தொடங்கும் முன், சாலையைச் சிறிது மேலே ஏற்றிப் பிறகு இறக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்தில் இப்படியொரு மேடு அமைந்துவிட்டால் வெளித் தண்ணீர் வெளியிலேயே நின்று வடிகாலுக்குத் திரும்பும். சுரங்க வாயில்கள் அந்த இடத்தின் உச்ச வெள்ள மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்கிற நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளின் பழைய விதியும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

ராம்ப்பின் கால் பகுதியில் தலைகீழான பிழை நடக்கும். தண்ணீர் தானாக அங்கே சேர்கிறது என்பதால் சம்ப்பையும் அங்கேயே வெட்டிவிடுவார்கள். பம்பு ஒன்று நின்றால் போதும், சுரங்கத்தின் ஒரே வழி மூழ்கும். சம்ப், சுரங்கக் குழியின் மிகத் தாழ்ந்த மூலையில், ராம்ப்பின் அடியிலிருந்து விலகி இருக்க வேண்டும். ராம்ப்பின் கடைசிப் பகுதி தளத்தைவிட உயர்ந்து, இரு பக்கமும் தண்ணீரைத் தள்ளிவிடும்படி இருக்க வேண்டும். வெட்டும் முகம் நகர நகர சம்ப்பும் நகரும் என்பதால் இதை ஆண்டுக்கொருமுறை வரைபடத்தில் மாற்றி எழுதுவது திட்டப் பிரிவின் வேலை.

வடிகால் சாலையைக் கடக்கும் இடங்களில் கல்வெர்ட் வரும். குழாயின் விட்டத்தை வரும் நீரும், மேலே போடும் மண்ணின் தடிமனை டம்பரின் எடையும் தீர்மானிக்கின்றன. மேல்மண் போதாத குழாய் 65 டன் டயருக்குக் கீழே முட்டை வடிவத்துக்கு நசுங்கும். நசுங்கியது வெளியே தெரியாது, அடுத்த மழையில் தண்ணீர் சாலைமேல் ஏறும்போதுதான் தெரியும். கணக்கு சிறிய குழாயே போதும் என்று சொன்னாலும், ஆள் குனிந்து உள்ளே பார்க்கவும் அடைப்பை எடுக்கவும் முடிகிற அளவை வைப்பது நல்லது. நீர் விழும் வாய்ப்பக்கத்தில் பெருங்கல் படுக்கை இல்லாவிட்டால், அங்கே விழும் குழி பின்னோக்கி அரித்துச் சாலையின் அடியையே வாங்கிவிடும்.

சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அமெரிக்கா ஒரு தெளிவான மாதிரி. 1977 ஆகஸ்டில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட மேற்பரப்புச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், நிலக்கரி போகும் முதன்மைச் சாலைகளுக்கு மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய 6 மணி நேர மழையின் உச்ச வெள்ளத்தை வடிகால் பத்திரமாகக் கடத்த வேண்டும். சாலைக் கரையின் நிலைப்புக் காரணி 1.3-க்குக் குறையக் கூடாது. அமிலம் அல்லது நஞ்சு கசியும் பொருளைச் சாலையின் மேல் போடக் கூடாது. மூன்றாவதை நம்மூர்ச் சுரங்கங்களும் கவனிக்க வேண்டும். குழியில் கைக்குக் கிடைக்கிற கரிக்கழிவைப் பள்ளத்தில் கொட்டி நிரவும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மழையில் அதுதான் கறுப்புச் சேறாக ஓடைக்குப் போகிறது.

வெளியே போகும் தண்ணீர்

சாலை வடிகாலில் வரும் நீர் தெளிந்த பிறகே சுரங்கத்தை விட்டு வெளியேற வேண்டும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி நிலக்கரிச் சுரங்கம் வெளியேற்றும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் மாதிரி வடிகாலின் 1.6 கன மீட்டரையே எடுப்போம். 0.02 மில்லிமீட்டர் அளவுள்ள வண்டல் துகள் நொடிக்கு 0.36 மில்லிமீட்டர் வேகத்தில் படியும். அதைப் பிடிக்க வண்டல் குட்டையின் பரப்பு ஏறக்குறைய 4,440 சதுர மீட்டர், அதாவது ஒரு ஏக்கருக்குச் சற்று மேல். அந்த வண்டல் துகளில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள களித்துகள் நூறு மடங்கு மெதுவாகப் படியும்; அதற்கு நூறு ஏக்கர் குட்டை வெட்ட முடியாது. படிகாரம் போன்ற திரட்டிகள், அடுத்தடுத்த குட்டைகள், தேக்கிய நீரைத் தூசி அடக்கத் தெளிப்பதற்கே திருப்பிப் பயன்படுத்துவது ஆகியவை சேர்ந்துதான் வழி. களித்துகள் சாலையிலிருந்து கிளம்பாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும்விட மலிவு.

வெளியே போகும் நீருக்கு நிலமும் வேண்டும், அந்த நிலம் யாருடையதாகவோ இருக்கும். 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், நெய்வேலி இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட, நின்றிருந்த நெற்பயிருக்கு நடுவே இயந்திரங்கள் இறங்கின. போராட்டம் வெடித்தது, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நெய்வேலியில் டம்பர் ராம்ப்பைவிட வாளிச் சக்கர இயந்திரமும் கன்வேயரும்தான் பிரதானம். இருந்தாலும் பாடம் எல்லாச் சுரங்கத்துக்கும் ஒன்று: வடிகாலின் கடைசிக் கிலோமீட்டர் எந்த வயலோரம் போகிறது என்பதை நில எடுப்பின்போதே, அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நெய்வேலிச் சுரங்கங்களை நடத்தும் அதே நிறுவனம் ஒடிசாவின் தாலபிராவில் 2020 ஏப்ரலிலிருந்து நிலக்கரி எடுக்கிறது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்கும் அந்தக் கரி வருகிறது. ஹிராகுட் நீர்த்தேக்கத்தின் வட்டாரத்தில் இருக்கும் சுரங்கம் என்பதால் அங்கே வண்டல் கட்டுப்பாட்டுக்குக் கூடுதல் கனம் உண்டு.

ஜீப் போகும் சாலை

டம்பர் சாலைக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட அணுகு சாலைக்குக் கிடைப்பதில்லை. ஜீப், ஆம்புலன்ஸ், டீசல் பவுசர், வெடிமருந்து வேன், ஆட்களை ஏற்றும் பஸ் எல்லாம் போகும் வழி அது. டம்பர் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால் அருகில் நிற்கும் ஜீப் கண்ணில் படாது; ஆகவே முடிந்தவரை இரண்டு சாலைகளும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் அணுகு சாலைக்கு இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. 2024 ஜூலையில் கோர்பாவின் குஸ்முண்டா சுரங்கத்தில் பலத்த மழையின்போது ஆய்வுக்குப் போயிருந்தவர்களில் ஓர் அதிகாரி, திடீரென்று பாய்ந்து வந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மழை பெய்யும்போது பம்புக்குப் போக வேண்டிய ஆளும், குழியைவிட்டு வெளியேற வேண்டிய ஆளும் இந்தச் சாலையைத்தான் நம்பியிருக்கிறார்கள். சுரங்கத்தில் கடைசியாக மூழ்கும் சாலையாக இது வடிவமைக்கப்பட வேண்டும். கழிவுமேட்டின் அடிவாரத்தை ஒட்டியோ, வடிகாலின் தாழ்ந்த பக்கத்திலோ இதை வைக்கக் கூடாது. ஓடையைக் கடக்கத் தாழ்பாலம் போட்டால், தண்ணீர் எந்த மட்டம் வந்தால் யாரும் கடக்கக் கூடாது என்பதற்கு வண்ணக் கம்பம் நட்டு, கடப்பதை நிறுத்தும் அதிகாரத்தை அந்த ஷிப்டின் ஓவர்மேனுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கிரேடர் விட்டுச்செல்லும் வரப்பு

நன்றாக வடிவமைத்த சாலை பராமரிப்பில் கெட்டுப்போவதைப் பார்க்கும்போதுதான் மனசு வலிக்கும். கிரேடர் சாலையைச் சுரண்டிக்கொண்டு போகும்போது ஓரத்தில் சேறும் சரளையுமாக ஒரு சிறு வரிசை சேரும். அள்ளாமல் விட்டால் அது வயல் வரப்புபோல் தண்ணீரைச் சாலைக்குள்ளேயே கட்டிவைக்கும். மூன்றடி தள்ளி வடிகால் காய்ந்து கிடக்கும். கரைமேட்டிலும் இதே கதை. கரைமேடு உள்ள பக்கம் தண்ணீர் போகிறது என்றால், இடைவெளி விட்டுத் திறப்புகளும், திறப்புக்குக் கீழே சரிவில் கல் பதித்த இறங்கு வாய்க்காலும் வேண்டும். திறப்பின் அகலம் டயர் நுழையாத அளவுக்குக் குறுகலாக இருக்கட்டும்.

தண்ணீர் லாரியும் வடிகால் கணக்கில் சேர்ந்ததுதான். தூசிக்குப் பயந்து ராம்ப்பில் தொடர்ச்சியாகத் தெளித்தால் இறங்கும் டம்பருக்குப் பிடிமானம் போகும். விட்டுவிட்டு, பட்டை பட்டையாகத் தெளித்தால் பிரேக் பிடிக்க உலர்ந்த தரை கிடைக்கும்.

கோர்பாவில் மழையின் பெரும்பகுதி ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. மே மாதத்துக்குள் வடிகால் தூர்வாரி, கல்வெர்ட்டுகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பம்புகளை முழுச் சுமையில் ஓட்டிச் சோதித்து, பள்ளம் அடைக்கத் தேவையான நல்ல கல்லை ராம்ப் அருகிலேயே குவித்து வைக்க வேண்டும். மழை தொடங்கியபின் கல் தேடுவது வீண். அதற்குப்பின் மிகப் பயனுள்ள ஆய்வு முதல் பெருமழை பெய்துகொண்டிருக்கும்போதே செய்வது. சர்வேயரும் சாலைப் பொறுப்பாளரும் பாதுகாப்பான இடங்களில் நின்று, தண்ணீர் வரைபடத்தில் போட்ட வழியில் போகிறதா, தானாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரம் ஒரு மாத அளவீட்டுக்குச் சமம். அக்டோபரில் மறுபடி தூர்வார வேண்டும். வண்டல் குட்டையில் எவ்வளவு படிந்தது என்பதை அப்போதே அளந்து எழுதிவைத்தால் அடுத்த ஆண்டுக் குட்டையின் அளவுக்கு அதுவே ஆதாரம்.

சாலை கைவிடப்படும்போதும் வேலை முடிவதில்லை. போக்குவரத்து நின்ற ராம்ப்பில் கிரேடர் வராது, கல்வெர்ட்டை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள். ஓரிரு பருவத்தில் அது மண்ணரிப்பு ஓடையாகிவிடும். இனித் தேவைப்படாத சாலைகளை மூடி, கல்வெர்ட்டுகளை அகற்றி, இயல்பான நீரோட்டத்தை மீட்டு, மேற்பரப்பைக் கிளறிச் செடி வைக்க வேண்டும் என்று அமெரிக்க விதிகள் கேட்கின்றன. இந்தியச் சுரங்கங்களின் மூடல் திட்டத்தில் ஒவ்வொரு ராம்ப்புக்கும் இதற்கான செலவையும் ஆண்டையும் தனி வரியாக எழுதிவிட வேண்டும்.